கை தூக்கியவர்களில் ஒருத்தி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

ஆமாம், நானும்தான் கை தூக்கினேன். போனில் நீ கேட்டபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முன் முறையாகச் சொல்ல வேண்டியது: என் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அப்பாவின் இருமல் பாதியாகிவிட்டது, மீதிப் பாதியைக் காட்டி என்னை வேலை வாங்குகிறார். உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் சமாதானமாகிவிட்டனவா என்று எழுது. சரி. கை விஷயம்.

ஆலையில் எங்களுக்கு ஆளுக்கு நாலு தறி. அதை ஆறாக்கப் போகிறோம், சங்கம் சம்மதிக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. சம்மதிக்கலாம் என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. நூல் கிடங்கிலிருந்து வந்தவர், எங்களுக்கு மின்விசிறியும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வாங்கிக் கொடுத்தவர், நாங்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர். வேண்டாம் என்றவள் என் பக்கத்துத் தறிக்காரி. ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவள். மூன்று கூட்டங்களில் எழுந்தாள். மூன்றிலும் ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து நாற்பதுக்கு ஆலை பஸ். அவள் கட்டடத்துக்குக் கூரை போடுவதற்குள் பஸ் போய்விடும். மூன்றாவது தடவை யாரோ பின்னாலிருந்து, "அவ சுவிட்சை யாராவது அணைங்கடி" என்றாள். சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அது தீர்மானமாகிவிட்டது. ஆறு தறிக்கு ஓட்டெடுப்பு முடியும்வரை இந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசக் கூடாது. நூற்று நாற்பது பேரில் நூற்று நாலு கை. டிபன் பையோடு தூக்கிய கைகள். எதிர்ப்பு இருபத்திரண்டு. மீதிப் பேர் அதற்குள் பஸ்ஸில். செயலாளர் என்பதால் எண்ணியவளும் நான், தீர்மான நோட்டில் எழுதியவளும் நான். எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் உறுத்தியது. ஏதாவது தப்பு நடந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒன்றுதான் கேட்டார், அவளுக்கு ஓட்டு உண்டா என்று. உண்டு என்றேன். "அப்போ அவ சொல்றதைக் கேக்காம மத்த நூத்தி முப்பத்தொம்பது பேரும் எதைக் கேட்டு ஓட்டுப் போடுவீங்க?" என்றார். பஸ் ஹாரனைக் கேட்டுத்தான். அதை நினைத்துக்கொண்டே அவர் இருமலுக்குக் கஷாயம் வைக்கப் போனேன்.

தறிக்கூடத்தின் சத்தம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாய். அங்கே காது வெறும் கம்மல் மாட்டத்தான். உதட்டைப் பார்த்துத்தான் பேசுகிறோம், ஒலியே இல்லாமல், வரிசை தாண்டி வரிசை. பதினொரு வருடமாக ரேடியோவும் நானும் அப்படித்தான். மாமியார் வம்பு, மருமகள் வம்பு, உன் பரீட்சை மதிப்பெண் எல்லாம் அந்த உதட்டில் போய் வந்திருக்கிறது. தீர்மானத்துக்கு மறுநாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். தறிக்கூடத்தில் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. பத்தொன்பது நாள் அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

நடுவில் அந்த இருபத்திரண்டு பேரும் தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லித் தலைவரிடம் போனார்கள். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நிறைவேறிய தீர்மானத்தை மறுபடி எடுக்க, அதற்கு ஆதரவாகக் கை தூக்கிய ஒருவர்தான் கேட்க வேண்டும். எதிர்த்தவர்கள் கேட்க முடியாது. தோற்றவர்கள் தினம் ஒரு தடவை கேட்டால் சங்கம் நடக்குமா என்றார். நியாயம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு கோணலாகப் போனது.

நேற்று ஓட்டெடுப்பு. தலைவர் பேசி முடித்து, வேறு யாராவது என்றார். ரேடியோ எழுந்தாள். "உக்காரும்மா, உனக்குத் தடை இருக்கு" என்றார். தலையாட்டினாள். உட்காரவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பி, ஒலியில்லாமல் உதட்டை அசைத்தாள்.

கிடங்கிலிருந்து வந்தவருக்கு அந்தப் பாஷை தெரியாது. கூடம் முழுவதும் அவள் வாயைப் படித்தது. உதட்டில் பேசும்போது நீட்டி முழக்க முடியாது. அஸ்திவாரம் இல்லை, கூரை இல்லை. "பின் கூடத்தில ஆறு தறி வச்சுப் பாத்தாங்க. என்னை வச்சுத்தான். ஆறாவது தறி முதுகுக்குப் பின்னாடி நிக்குது. நூலோட ஓடுற நாடாக்கட்டை தெறிச்சது. இதைப் பாருங்க." முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். ஒரு கை அகலத்துக்குக் கறுத்துப்போய், நடுவில் தையல் தழும்பு. என்னிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். மூன்று கூட்டத்திலும் இதற்குத்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நாங்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தோம்.

தலைவர் என் பக்கம் குனிந்து, "என்னக்கா நடக்குது, ஏன் எல்லாரும் அவளையே பாக்குறாங்க?" என்றார். அவர் காதில் மெல்லச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது வெறும் வம்பு. எழுந்தேன். அந்த நூற்று நாலு கையில் ஒன்று என்னுடையது, அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்கிறேன் என்றேன். தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேக்க வேண்டிய ஆளுதான் கேக்குறாங்க" என்று சொல்லி, தடையை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினெட்டேதான்.

ரேடியோ வாயைத் திறந்தாள். "இந்த ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டினப்போ" என்று ஆரம்பித்தாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவளும் சிரித்தாள். வெளியே பஸ் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஒருத்தியும் எழவில்லை. நாற்பது நிமிடம், குட்டி. அதில் பாதி தேவையில்லாதது. கேட்டோம்.

ஆறு தறிக்கு ஆதரவு நாற்பத்து மூன்று, எதிர்ப்பு தொண்ணூற்று ஏழு. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் ஆறுக்குத்தான் கை தூக்கினேன், அதையும் எழுதுங்கக்கா" என்றார். எழுதினேன். இன்று நிர்வாகத்திடம் எங்கள் முடிவை எடுத்துச் செல்வது அவர்தான்.

எல்லோரும் நடந்தே வீடு திரும்பினோம். சாலை முழுக்க நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சு, ஒருத்தி சொன்னது ஒருத்திக்குக் கேட்கவில்லை. தோரணையாக நடந்தோம். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "ஜெயிச்ச மூஞ்சி தெரியுது" என்றார். வேறொன்றும் கேட்காமல் டீ போட்டார். இருமல்கூட வரவில்லை.

உன் அலுவலகக் கூட்டங்களில் நீ பேசுவதில்லை என்றாயே. பேசாவிட்டால் போகிறது. கடைசி வரிசையில் மட்டும் உட்காராதே. அங்கிருந்து யார் உதடும் தெரியாது. கண்ணாடியை மாற்று, இரண்டு வருடமாகிறது. நீ நினைத்தது நடக்கட்டும், நினைத்ததைச் சொல்லும் இடம் உனக்குக் கிடைக்கட்டும். நீண்ட ஆயுளோடு இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

பி.கு. உறையை ஒட்டாமல் வேலைக்கு எடுத்து வந்தேன். ரேடியோ முகம் என் பக்கம் இருந்தது. "உன் மக எப்படி இருக்கா?" என்று உதட்டில் கேட்டாள். நல்லா இருக்கா என்றேன். மூன்றாவது தறியில் நூல் அறுந்தது. நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஓட்டினேன்.