துவைக்காத சட்டை

மேல்கணக்கு தேயிலைத் தோட்டம், பெரகல
2024 செப்டம்பர் 4

தங்கை அகஸ்டினாவுக்கு,

நிஸாமின் கடையில் நீ கொடுத்துவிட்ட பொட்டலம் கிடைத்தது. வெட்டுத்துணியில் நாய்க்குப் பந்து தைத்து விற்பாய் என்று அம்மா நினைத்தே பார்த்திருக்கமாட்டாள். குறை சொல்லவில்லை, தையல் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நாய் மேஜர் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சவர்க்கார வாசம். ஆள் வாசம் இருந்தால்தான் அது விளையாடும். உன் வீட்டுக்காரர் அந்தோனியின் பழைய சட்டை இருந்தால் அதில் தைத்து அனுப்பு. துவைக்காமல் தை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். உன் வீட்டுக்காரர் எடுத்துவிட்டால் என்ன பேசுவது? என் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு விழுந்த நாலு பிரம்படிக்காக விசாரணையில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். என் இருபத்தாறு வருட உத்தியோகம் ஒரு காலையில் போயிற்று. அதையெல்லாம் நான் மறந்து நாளாகிறது.

அண்ணன்,
ஜெசிந்தன்


பதுளை
2024 செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவர், நாய்க்காகவாவது எழுதினீர்களே. சட்டை கேட்டதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மச்சான்தான் என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கிறாரு. நாயாவது என் சட்டையோட வெளையாடட்டும், குடு" என்றார்.

அவர் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது போடுகிற சட்டையில் இரண்டு பந்து தைத்திருக்கிறேன். பொத்தான்களை வெட்டிவிட்டேன், விழுங்கினால் குடலில் நிற்கும். பண்டாரவளையில் என் பொம்மைகளை விற்றுத்தரும் ஸல்மா அக்காவுக்குத் தெரிந்தால் ஏசுவார். "ஆளுட துணியில மட்டும் தைக்காதீங்க, நாய்க்கு பொம்மை எது, ஆள் எதுன்னு விளங்காது" என்று முதல் நாளே சொன்னவர். உங்களுக்காகத்தான் தைத்தேன்.

தங்கச்சி,
அகஸ்டினா


மேல்கணக்கு
2024 அக்டோபர் 2

அகஸ்டினாவுக்கு,

பந்துகள் நார்நாராகிவிட்டன. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே மேஜர் எழுந்து நின்றுவிட்டது. இனிப் பந்து வேண்டாம். சட்டைக் கையை முழுதாக வெட்டி, உள்ளே துணி அடைத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒன்று தை. சட்டையின் கழுத்துப்பட்டியையும் அதோடு சேர்த்துவிடு. துவைக்காதே.

கல்லறைத் திருநாளுக்கு வருவாய்தானே? போன வருடம் தனியாக வந்து, என் வாசலில் நிற்காமல் போனாய். இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வா. என் வாசலைத் தாண்டிப் போகிற படிக்கட்டைத் தவிர அம்மாவின் கல்லறைக்கு வேறு வழி கிடையாது. படிக்கட்டு குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறவேண்டும். அவரை முன்னால் விடு. அதுதான் மரியாதை. நான் வாசலில் இருப்பேன்.

ஜெசிந்தன்


பதுளை
2024 அக்டோபர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டபடி தைத்து அனுப்பியிருக்கிறேன். நாயின் பொம்மைக்குச் சட்டைக் கழுத்துப்பட்டி எதற்கு என்றுதான் விளங்கவில்லை. அவர் வருவதாகச் சொல்லிவிட்டார். உங்களுக்கு வெள்ளைத்துணி எடுத்து, என்னைச் சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறார். "அளவு தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அகஸ்டினா


மேல்கணக்கு
2024 அக்டோபர் 20

அகஸ்டினாவுக்கு,

சட்டைக் கை வந்தது. இரண்டே நாளில் தோள் பக்கம் பிய்ந்துவிட்டது. உன் தையலில் குற்றமில்லை. சட்டை எனக்கு எதற்கு? அவர் வந்தால் போதும். எந்த பஸ் என்று எழுது.

ஜெசிந்தன்


பதுளை
2024 அக்டோபர் 26

அண்ணனுக்கு,

உங்கள் பக்கத்து லயத்து ராசம்மாவை நேற்று பதுளைச் சந்தையில் கண்டேன். "சார் அந்தச் சட்டைக் கையைக் கொய்யா மரத்துல ஆள் ஒசரத்துக்குக் கட்டிவிட்டு, 'அந்தோனி வாறான், அந்தோனி வாறான்'னு சொல்றாருங்க. நாய் பாஞ்சு பாஞ்சு பிய்க்குது. பிள்ளைங்க அந்தப் பக்கமே போறதில்ல" என்றாள்.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், உங்களுக்காக மடித்து வைத்திருக்கும் சட்டையை அவர் என்ன செய்வார்? விசாரணையில் அவர் பொய் சொல்லவில்லை, அண்ணா. அந்தப் பிள்ளையின் கையை நானும் பார்த்தேன்.

விளங்கவில்லை என்று எழுதினேனே தவிர, கழுத்துப்பட்டி கேட்டபோதே எனக்கு மெஷினில் கால் ஓடவில்லை. அவர் சட்டையைச் சுடுதண்ணீரில் மூன்று தடவை அலசிக் காயப்போட்டேன். பிறகு மூன்று நாள் நானே அதைப் போட்டுக்கொண்டு சமைத்தேன், தைத்தேன், படுத்தேன். அதற்குப் பிறகுதான் வெட்டினேன். உள்ளே அடைத்தது என் பழைய ரவிக்கை. நான் போட்டுக் கழற்றிய பிறகு, நீங்கள் சொன்னபடி எதையும் துவைக்கவில்லை. இத்தனை நாளும் கொய்யா மரத்தில் மேஜர் பிய்த்தது என்னை.

வராமலே இருக்கலாம்தான். அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றாமல் ஒரு வருடமும் நான் இருந்ததில்லை. கல்லறைத் திருநாளன்று, நவம்பர் இரண்டாம் தேதி காலை, ஏழு மணி பஸ்ஸில் வருகிறோம். படிக்கட்டில் அவர் முன்னால் வரமாட்டார், நான்தான் வருவேன். மேஜரின் சங்கிலி உங்கள் கையில் இருக்கிறதா, அவிழ்ந்து கிடக்கிறதா என்று கீழ்ப்படியிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தாலும் நிற்கமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
அகஸ்டினா