காலிக் கட்டம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். நாள் முழுக்க ஈரக் காலுறை, மேலே ஏ.சி.

புது டேட்டாபேஸுக்குச் சம்மதம் கேட்டு ஸ்டெல்லா அக்காவிடம் மூன்றாம் முறை. இந்த ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் பதினெட்டு வருஷமாக அவர் கையில். அவர் கையெழுத்து இல்லாமல் ஈ நுழையாது.

நான் சொன்னது: பல் பிரிவு ஒரு மாதிரி எழுதுகிறது, பிரசவ வார்டு வேறு மாதிரி. எல்லாரையும் கட்டம் போட்ட ஒரே டேபிளுக்குள் ஏன் அடைக்க வேண்டும்? கட்டமே இல்லாத நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குப் போனால் நோயாளிக்கு ஒரு கோப்பு, உள்ளே எது வேண்டுமானாலும்.

அக்கா டிபனைத் திறந்தபடி: “எது வேணும்னாலும் போடலாம்னா, எது போடலேன்னு எப்பிடி மக்கா தெரியும்?”

பதில் இருந்தது. அதற்குள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நீட்டிவிட்டார். வாயை நிறைத்துக்கொண்டு எப்படி வாதாட?

ஜூன் 10, செவ்வாய்

வாங்கியவை: குடை. மார்க்கர் பேனா. அம்மாவுக்கு முட்டித் தைலம்.

பாபு அண்ணன், டேட்டாபேஸைப் பார்ப்பதில் அக்காவுக்கு அடுத்தவர், ஒரு மணி நேரம் தலையாட்டினார். கடைசியில், “எக்கா சரின்னா எனக்கும் சரிதாம்லே.” எரிச்சல்.

நிர்வாகி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்குள் அக்கா சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடலாம். பெங்களூர் வேலையை விட்டு இதற்காகத்தான் ஊருக்கு வந்தேன். ஏழு மாத உழைப்பு.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

டெமோ. பழைய பதிவுகள் எல்லாம் புதியதில். அக்கா கேட்டார்: “மருந்து ஒத்துக்கிடாதவிய யாரெல்லாம்னு எடு.” கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல். பாபு அண்ணன் விசிலடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“உனக்க அம்மைக்க பேரு எங்க மக்கா?”

இல்லை.

போன வருஷம் ஊசி ஒத்துக்கொள்ளாமல் அம்மாவுக்கு மூச்சு முட்டியது இங்கேதான். நான் பெங்களூரில். இரண்டு நாள் கூட இருந்தது எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் ஸ்டெல்லா அக்கா.

காரணம் கண்டுபிடித்தேன். பல் பிரிவு ‘ஒவ்வாமை’ என்று வைத்திருக்கிறது, அவசரப் பிரிவு ‘எச்சரிக்கை’ என்று. புதியதற்கு மாற்றும்போது இஷ்டம்போல் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது நான். தேடியது ‘ஒவ்வாமை’யில் மட்டும். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை.

அக்கா கோபப்படவில்லை. “கட்டம் காலியா கெடந்தா எனக்க கண்ணுல படும். கட்டமே இல்லேன்னா?”

திட்டியிருக்கலாம். வெளியே போய் அம்மாவுக்கு போன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். பயமாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

வெயில். குடை வாங்கிய மறுநாளிலிருந்தே மழை இல்லை.

புதியதிலும் சில இடங்களைக் கட்டாயமாக்கலாம், நிரப்பாமல் கோப்பு ஏறாது. அதைச் சொன்னேன். ஒவ்வாமை கட்டாயம்.

“நல்லது. பின்ன ரத்த வகை?” சரி.

“தெனமும் திங்கிய மாத்திரை?” சரி.

மதியத்துக்குள் போர்டில் நான் வரைந்து முடித்தது அக்காவின் பழைய டேபிள், அச்சு அசலாக. பாபு அண்ணன் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்பம் சரி. எங்க ஒப்பு போடணும்?”

கையெழுத்து போட்டுவிட்டார். ஜெயித்தேனா? யாரிடம் கேட்க.

“மொதல்ல அம்மைக்க பைலை மாத்து, நான் பாக்கட்டு.”

மாற்றினேன். ஒவ்வாமை இருக்கிறது. ரத்த வகை, மாத்திரை, இருக்கிறது. கடைசிக் கட்டாயக் கட்டம்: ஆபத்தில் அழைக்க வேண்டியவர். பழையதிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. ஸ்டெல்லா, பக்கத்து வீடு.

அழித்து என் பெயரை அடித்தேன். அக்கா பின்னால்தான் நின்றார். நானே என் பெயரை அழித்துவிட்டு, பழையதையே திரும்ப அடித்தேன்: ஸ்டெல்லா, பக்கத்து வீடு.