எல்லாரையும் வெளியே அனுப்பியவள்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் அண்ணன் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று குழாய்க்காரரை மூன்று தடவை வரவழைத்துவிட்டான், தண்ணீர் இன்னும் ஏறவில்லை, இவனுக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அண்ணி பாவம், இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறாள்.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன், அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நின்றுபோன நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் போராடும் நேரத்தில் வீட்டார் உள்ளே நிற்கலாமா கூடாதா என்று உங்கள் வார்டு நர்ஸ்களிடம் தாள் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், பதினாறு பேரில் பதின்மூன்று பேர் கூடாது என்று எழுதியாகிவிட்டது, நீ என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாய். அவர்கள் சொன்ன காரணங்களை நீ படித்துக் காட்டியபோது நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இடம் பத்தாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காலையில் பெரிய டாக்டர் பின்னால் ஒன்பது மாணவர்கள் நோட்டும் கையுமாக அதே அறைக்குள் நுழைகிறார்களே, அப்போது மட்டும் சுவர் தள்ளி நின்று இடம் விடுகிறதா. பெண்டாட்டி ஒருத்தி சுவரோரம் நிற்க இடம் இல்லையாம். வீட்டார் மயங்கி விழுந்துவிடுவார்களாம். நான் நர்ஸாக இருந்த முப்பத்தொரு வருஷத்தில் என் கண் முன்னால் மயங்கி விழுந்தது பயிற்சிக்கு வந்த நர்ஸ்கள் நான்கு பேர், டாக்டர் ஒருவர். வீட்டாரை நான் உள்ளே விட்டதே இல்லை, ஆகவே அவர்கள் விழுவார்களா மாட்டார்களா என்று எனக்கும் தெரியாது, உன்னுடைய பதின்மூன்று பேருக்கும் தெரியாது, தெரியாததைத்தான் இப்படி அடித்துச் சொல்கிறார்கள். கேஸ் போட்டுவிடுவார்களாம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எல்லாரிலும் மோசம் உங்கள் மூத்த சிஸ்டர், அவங்க மனசு தாங்காது, அவங்க நல்லதுக்குத்தான் என்றாளாமே, அவள்தான். கூடப் படுத்து எழுந்தவளின் மனம் எதைத் தாங்கும் என்று டியூட்டி மாற வந்தவளுக்குத் தெரிந்துவிட்டதாக்கும். உண்மைக் காரணத்தை நான் சொல்கிறேன். மருந்துக் குப்பி கை தவறிக் கீழே விழுவதையும், டிராலியில் இருக்க வேண்டிய குழாய் இல்லாமல் ஒருத்தி பக்கத்து வார்டுக்கு ஓடுவதையும், நெஞ்சை அழுத்திக்கொண்டே நாளைக்கு யாருக்கு லீவு என்று பேசிக்கொள்வதையும் யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். சத்தம் போட்டு இடைஞ்சல் செய்கிறவன் ஒருவன் இருப்பான், அவனை வெளியே கூட்டிப் போக வேண்டியதுதான். மற்றவர்கள் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும். அதற்கு ஆள் இல்லை என்பார்கள். விரட்டுவதற்கு மட்டும் எப்போதும் இரண்டு பேர் இருந்தோம்.

இருந்தோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தோளில் கை போட்டு, நாங்க பாத்துக்கறோம், நீங்க வெளிய இருங்க என்று சொல்லிக்கொண்டே கதவு வரைக்கும் நகர்த்திவிடுவேன், தள்ளுகிறேன் என்பதே அவர்களுக்குத் தெரியாது. புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அப்பா போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் நீ போனில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய். அவர் நாற்காலியிலிருந்து சரிந்ததும் நீ அப்பா அப்பா என்று கத்தினாய். நான் அவர் நெஞ்சில் கை வைப்பதற்கு முன்னால், நீ வை, நான் பாத்துக்கறேன் என்று உன் போனை நிறுத்தினேன். பிள்ளை பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கை தவறினால் நீ பார்த்துவிடுவாய் என்ற பயம். மேஜை மேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பதினான்கு தடவை என்று பிறகு பார்த்தேன். மூன்று வருஷமாக அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெளியே அனுப்பியவர்களும் ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்டதில்லை, அதை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

இப்போது சொல்கிறேன். அப்பாவின் சட்டைப் பொத்தான் இரண்டைப் பிய்த்தேன். முதல் நிமிஷத்திலேயே விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் கேட்டது, அது நடக்கக்கூடியதுதான் என்று உனக்கே தெரியும். எதிர்வீட்டு டிரைவர் ஓடிவந்தார், இருவரும் மாற்றி மாற்றி அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிஷம் ஆனது. அப்பா ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை, வலியில் முகம் சுளிக்கவில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே அழுத்தினேன். என் கை எங்கேயும் தவறவில்லை. நீ பார்த்திருக்கலாம்.

தாளில் எதை எழுதுவது என்பது உன் இஷ்டம், கூடாது என்று எழுதினால் காரணத்தையாவது பொய் இல்லாமல் எழுது. குட்டியின் காதில் எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, எனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் முதலில் உனக்குப் போன் போட்டு என் முகம் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும், முடியும் வரை நிறுத்தக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ எடு.

இப்படிக்கு,
உன் அம்மா