மருத்துவக் கூடாரத்தில் நடந்த விருந்து

அனுப்புநர்:
காலஞ்சென்ற நகரப் பேருந்து ஓட்டுநரின் மனைவி,
தையற்கடை, விளையாட்டு மைதானத்துக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
பொது நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் மருத்துவ உதவி கிடைக்காமல் என் கணவர் இறந்தது குறித்து விசாரணை கோருதல், அடுத்த நிகழ்ச்சிக்கான அனுமதியை நிறுத்திவைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்கு நானும் என் கணவரும் மகளும் சென்றிருந்தோம். பாட்டென்றால் அவருக்கு உயிர். பேருந்தில் பயணிகள் சண்டை போட்டால், அவர்கள் வாயடைக்கும் வரை உரக்கப் பாடுவார். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். பந்தல் மேடைக்கும் சிறப்பு விருந்தினர்களுக்கும் மட்டுமே போடப்பட்டிருந்தது. குடிதண்ணீர்த் தொட்டி சீக்கிரமே வற்றிவிட்டது.

2. "நெஞ்ச அடைக்குது, கொஞ்சம் வெளிய போலாம்" என்று எழுந்தவர் அப்படியே சரிந்தார். மகளை அவர் தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டு, 'மருத்துவ உதவி' என்று பலகை மாட்டிய கூடாரத்துக்கு ஓடினேன்.

3. அங்கே மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. விருந்தினர்களுக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நோயாளியைக் கிடத்தும் ஸ்ட்ரெச்சரின் மேல் துணி விரித்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் மேல் கை துடைத்த துண்டு தொங்கியது. ஸ்ட்ரெச்சரைக் கேட்டு நான் கதறியதும், மென்றுகொண்டே நிகழ்ச்சி அமைப்பாளர் சொன்னார்: "கத்தாதீங்கம்மா, பெரியவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. முடிச்சதும் எடுத்துக்குங்க."

4. ஆம்புலன்ஸ் நின்றது. அதை மறித்து விருந்தினர்களின் கார்களும் நின்றன. முன்பின் தெரியாத நாலைந்து பேர் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்ற பேனரை அறுத்தெடுத்து, அதில் அவரைக் கிடத்தி, சாலைக்குத் தூக்கிவந்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில், "ஒருத்தர் குடிச்சிட்டு விழுந்துட்டாரு, நீங்க பாட்டக் கேளுங்க" என்றார்கள். என் கணவர் மதுவைத் தொட்டதே இல்லை. ஆட்டோ ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் மகளின் மடியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

5. பிறகு அமைப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். "அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டார். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். தங்கள் அலுவலகமோ, நான் முன்பு கொடுத்த புகாருக்கு, 'போதிய மருத்துவ வசதி இருந்தது' என்று பதில் அனுப்பியிருக்கிறது. கூடாரம் இருந்தது, ஐயா. வசதி யாருக்கு இருந்தது என்பதையும் எழுதியிருக்கலாம்.

6. அதே அமைப்பாளர் அடுத்த வாரம் அதே மைதானத்தில் மீண்டும் கூட்டம் சேர்க்கிறார். மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்களா, ஆம்புலன்ஸ் வெளியேற வழி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். இல்லையெனில் அனுமதி தரக்கூடாது. அமைப்பாளர் மீது நடவடிக்கை எடுப்பதோடு, ஒலிபெருக்கியில் சொன்ன பொய்யை அவர் பகிரங்கமாகத் திரும்பப் பெறவும் ஆணையிட வேண்டுகிறேன்.

ஆறுதல் சொல்ல என் வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். அந்தக் கூடாரத்துக்கு ஒரு மருத்துவரை அனுப்புங்கள்.

இடம்: தையற்கடை
நாள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை

இன்னமும் தங்களிடமே முறையிடும்,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி