தாய்க் கண்

2025 சனவரி 12, ஞாயிறு
ஹொலண்டில் என் மகள் ஆரணிக்கு இன்று ஐஸ் சறுக்கு ஓட்டப் போட்டி, ஐயாயிரம் மீற்றர். வழக்கம்போல நான் பார்க்கவில்லை. கீழ்வீட்டுப் புனிதமலர் போனில் பார்த்துவிட்டு மேலே வந்தாள். "மூண்டாவது, அக்கா. விழேல்லை." அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஒரேயொரு தடவை பார்த்தேன். அப்போது அவளுக்குப் பதினேழு. செம்மஞ்சள் உடுப்பில் பறந்தாள். என் வயிற்றில் பிறந்ததா இது என்று வாய் பிளந்தேன். அடுத்த வளைவில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. தாய்க் கண்ணே படும் என்பார்கள். அன்றோடு சரி.

சனவரி 16, வியாழன்
நான் பராமரிக்கும் கிழவி சின்யோராவின் வீட்டில் வேலையில்லாத பின்னேரம். ஆரணி போன் எடுத்தாள். மார்ச்சோடு ஓட்டத்தை விடுகிறாளாம். முப்பத்தொரு வயது, முதுகு ஒத்துழைக்கவில்லையாம்.

"கடைசிப் போட்டிக்கு வாங்கோவன் அம்மா. ரிக்கற் நான் போடுறன்."

"சின்யோராவைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது பிள்ளை?"

"உங்களுக்கு ஒருநாளும் நேரமில்லை." வைத்துவிட்டாள்.

கண்ணூறுக்குப் பயம் என்று சொல்லியிருக்கலாம். சிரிப்பாள் — சிரித்தால்தான் என்ன? ஏன் சொல்லவில்லை நான்?

சனவரி 26
அழைப்பில்லை.

பெப்ரவரி 4
பொலிதேயாமாப் பக்கத்துச் சின்யோரா வீட்டின் பல்கனியைக் கழுவும்போது, கீழே பள்ளிக்கூடப் பெட்டைகள் கத்திக்கொண்டு போனார்கள். ஆரணிக்கு அந்த வயதிருக்கும்போதுதான் ஹொலண்டிலிருக்கும் என் தங்கையிடம் அனுப்பினேன். இவர், ஆரணியின் அப்பா, செத்த வருசம். தங்கி வேலை செய்யும் வீட்டில் பிள்ளையோடு எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒரு வருசத்துக்கு என்றுதான் அனுப்பினேன். அங்கே வாய்க்கால் உறைந்தது, தங்கையின் புருசன் சறுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், பிள்ளை அந்த நாட்டுக்காரியாகிவிட்டாள். எனக்குப் பதக்கம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவள் வேண்டும்.

பெப்ரவரி 23, ஞாயிறு
புனிதமலரோடு சாந்தா ரோசாலியா கோயில் மலைக்கு ஏறினேன். அவள் மெழுகுதிரி கொளுத்தினாள், நான் ஆரணிக்கு நேர்ந்துகொண்டேன். இறங்கும் வழியில், ஆரணி கதைப்பதில்லை என்றேன். நடுவழியில் நின்று ஏசினாள்.

"கண்ணூறு பட்டால் உப்பும் மிளகாயும் சுத்திப் போடலாம் அக்கா. மனம் விட்டுப்போச்செண்டால் எதைச் சுத்திப் போடுவியள்?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய பிள்ளைகள் மூன்றும் பக்கத்து அறையில் படுப்பவை. அவளுக்கென்ன.

மார்ச் 2, ஞாயிறு
பார்த்தேன். அவளுடைய கடைசிப் போட்டி, பன்னிரண்டரைச் சுற்றும் போனில், கும்பிட்ட கையை எடுக்காமல்.

விழவில்லை. வெல்லவும் இல்லை, ஆறாவது. தலையுறையைக் கழற்றினாள். நெற்றியோரம் நரை. போன கோடையில் வந்தபோது இருக்கவில்லையே. என் பிள்ளைக்கு நரை.

நான்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். "பாத்தனான்."

"பாத்தனீங்களோ?" பிறகு, "ஆறாவதம்மா."

"ஓம். பாதியிலையே கை சோர்ந்து போச்சு. இரவு ஒழுங்காச் சாப்பிடேல்லையோ?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண்ணூறுக் கதை முழுவதையும் சொன்னேன்.

"இதுக்கோ அம்மா இவ்வளவு காலமும்?"

ஓம், இதுக்குத்தான். வேறென்ன சொல்ல?

மார்ச் 20, வியாழன்
ஆரணி வந்திருக்கிறாள். ஒரு கிழமைதான். பிறகு நோர்வேயில் சின்னப்பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கும் வேலையாம். ஓட்டத்தை விட்டால் என்னிடம் வந்துவிடுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மத்தியானம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன்.

"இப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தால் நான் எப்பிடியம்மா சாப்பிடுறது?"

"நீ சாப்பிடு பிள்ளை. நான் பாக்கோணும்."