கத்தாமல் பிடித்த கயிறு

என் பிரியமான ராணி அக்கா,

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கோபம். உங்கள் மேல் கோபம், என் மேல் அதைவிட அதிகம். இதை முழுசாக வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடமே வந்திருக்கிறேன்.

உங்கள் பாடத்தை என் தலையில்தான் கட்டினார்கள். பதினைந்து வருஷம் சுத்தியலும் கையுமாக நீங்கள் நடத்திய மேடைத் தொழில்நுட்பத்தை, நடிப்பு சொல்லிக்கொடுக்கிற நான் நடத்துகிறேன். ஆள் போடுகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவிக்கொத்தைக் கொடுத்தார் துறைத்தலைவர். இன்னும் ஆள் போடவில்லை. நம் கல்லூரியில் எப்போது போட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பீர்கள். உங்கள் நோட்டைப் படித்துப் படித்துத்தான் வகுப்புக்குப் போகிறேன். பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

போன வருஷ நாடகத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள். கடைமடை ஊரில் ஒரு மதகு, அண்ணன் தம்பி இரண்டு பேர், தண்ணீர்ச் சண்டை. கடைசிக் காட்சியில் அண்ணன் மதகை அடைக்கப் பார்க்கிறான். அடைத்தால் என் மேலேயே அடை என்று தூக்கியிருக்கும் மதகுப் பலகைக்கு நேர் கீழே போய்த் தம்பி படுத்துக்கொள்கிறான். பத்து நிமிஷக் காட்சி. ஒவ்வொரு வசனத்துக்கும் பலகை ஒரு சாண் இறங்க வேண்டும். கடைசியில் மார்புக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்க வேண்டும். எழுதிக்கொண்டுவந்து படித்தபோது எனக்குப் புல்லரித்தது. நீங்களாக இருந்தால் முதலில் கயிற்றைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது.

பலகையை இரும்புச் சட்டம் போட்டு நிஜமான கனத்திலேயே செய்தார்கள். கனமில்லாத பொருள் மேடையில் பொய்யாகத் தெரியும் என்பது நீங்கள் சொன்னதுதான். கயிற்றின் ஒரு முனையில் பலகை, மேலே கப்பி, மறுமுனையில் அதே எடைக்கு மணல் மூட்டை. உங்கள் நோட்டில் படத்தோடு இருக்கிறது. ஆனால் மணலுக்கு எங்கே போவது? ஆற்றில் ஒரு கூடை அள்ளினாலும் ஆயிரம் கேள்வி.

அப்போதுதான் கயல் நெல் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கம், ஒல்லியாக, முதல் பெஞ்சில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். நாடகத்தின்போது இரண்டாம் வருஷம். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால், ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் அவள் அப்பாவின் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். வீட்டில் காயப்போட இடமில்லாமல் சாக்குச் சாக்காக நிற்கிறது என்றாள். டெம்போவில் இரண்டு மூட்டை வந்தது. கட்டிப் பார்த்தோம். கொஞ்சம் அள்ளி, கொஞ்சம் போட்டு, பலகையும் மூட்டையும் அப்படியே சமமாக நின்றன. ஒரு விரலால் தொட்டால் பலகை ஏறுகிறது, தொட்டால் இறங்குகிறது. நான் கைதட்டினேன்.

இனிமேல்தான் நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஈர நெல்லைக் கட்டியே வைத்தால் முளை விட்டுவிடும் என்று தினமும் காலையில் மூட்டையை அவிழ்த்து, அரங்கத்துக்குப் பின்னால் தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்தோம். முறை போட்டுக் காலால் கிளறிவிட்டார்கள். மதியம் அள்ளிக் கட்டி, தூக்கி மாட்டி, ஒத்திகை பார்த்தோம். ஒரு மணி நெல்லைக்கூட வீணாக்கவில்லை. பாவம், அந்த மனுஷன் விற்க வேண்டிய நெல் இல்லையா?

மூன்றாம் நாளே பலகையைத் தூக்குவது சிரமமாக இருக்கிறது என்றாள் கயல். ஐந்தாம் நாள் இன்னும் சிரமம். கப்பி துருப்பிடித்துவிட்டது என்றான் ஒருவன். ஆமாம் என்றேன். நாடகத்துக்கு முதல் நாள் நானே ஏணியில் ஏறி, தையல் மிஷின் எண்ணெயைக் கப்பியில் தாராளமாக விட்டேன். அப்புறம் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்த்தீர்களா, கப்பிதான் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன்.

நாடகத்தன்று காலையில் கயல் இரண்டு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தாள். கடக்கென்று உடைந்தது. இனிமேல் அப்பா கொண்டுபோய்ப் போடலாம் சார் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா, அங்கே நின்ற இருபது பேரில் பன்னிரண்டு பேர் நெல் வீட்டுப் பிள்ளைகள். நானே களத்தில் வளர்ந்தவன். காய்ந்தால் எடை போகும் என்பது எங்கள் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. தார்ப்பாயில் கிடக்கும்வரை அது நெல். கயிற்றில் மாட்டிவிட்டால் அது எடைக்கல். இரண்டும் ஒன்று என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. கூடுதல் பாரத்தை அதுவரை பிடித்து நிறுத்திய துருவையும் நானே எண்ணெய் விட்டுப் போக்கியிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினோம். கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பக்கத்தில் முதல்வர், பின்னால் பெற்றோர்கள். நான் இடது பக்கத்திரையில் நின்றேன். எனக்கு நேர் எதிரே, வலது பக்கத்திரையில், கயிற்றோடு கயல். கூட நிற்க வேண்டியவன் மழைச் சத்தம் கொடுக்க மேலே போய்விட்டான். நடுவில் வெளிச்சம், வசனம். பலகைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு தம்பியாக நடிக்கிற பாரதி.

இரண்டாவது வசனத்திலேயே பலகை அரைச் சாண் அதிகமாக இறங்கியது. பதற்றப்படுகிறாளே என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்த வசனம் வருவதற்கு முன்பே இன்னும் கொஞ்சம் இறங்கியது. எதிரே பார்த்தேன்.

கயல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். குதிகால் இரண்டும் தரையில் இல்லை. அவள் பிடியையும் மீறிக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. தரையிலிருக்கும் முளைக்கட்டையில் கயிற்றைச் சுற்றிக் கட்டவேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும். எடுத்தால் பலகை போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் என் மேல் இருக்கின்றன. ஒரு சத்தம் இல்லை.

இங்கேதான் அக்கா, போன வாரம் வரை நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நானும் சத்தம் போடவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற தொண்டை என்று என்னை ஊரே சொல்லும். அந்தத் தொண்டை திறக்கவில்லை. தேர்வாளர் நினைவுக்கு வந்தார், மதிப்பெண் வந்தது, இன்னும் நாலே வசனம்தான் என்ற கணக்கு வந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கையை உயர்த்தி, ‘பிடி, கொஞ்சம் பிடி’ என்று சைகை காட்டினேன். அவள் தலையாட்டினாள்.

எத்தனை மூச்சு அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அந்தத் தேங்காய் நார்க் கயிற்றில் அவள் கை இருந்த இடத்துக்கு மேலே சிவப்பாக ஒரு கறை ஏறியது. அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. வெளிச்சத்துக்குள் ஓடினேன். அண்ணனாக நடித்தவன் வசனத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்தான். பாரதியின் இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவன் தலை வெளியே வரவும் அவள் கை விடவும் சரியாக இருந்தது. பலகை விழுந்து மேடை அதிர்ந்தது. மேடைப் பலகை ஒன்று பிளந்துவிட்டது.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ஆமாம், கைதட்டினார்கள். என்னை ஏதோ பாசன அதிகாரி என்று நினைத்துக்கொண்டார்களாம். இப்படி ஒரு முடிவை எந்த மாணவர் நாடகத்திலும் பார்த்ததில்லை என்று தேர்வாளர் என் கையைக் குலுக்கினார். முழு மதிப்பெண் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் போய் அது விபத்து என்று சொன்னேன். போட்டது போட்டதுதான் என்றுவிட்டார்.

ஒப்பனை அறையில் கயலின் கையைத் தண்ணீரில் கழுவிவிட்டோம். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. பாரதி மூலையில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏம்மா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?” என்று கேட்டேன். என்ன துணிச்சலில் கேட்டேனோ.

“ராணி மேடம் சத்தம் போடலையே சார்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா, அந்த இடத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் விரல் நகக் கதையை நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். படிக்கிற காலத்தில் ஏதோ திருவிழா நாடகத்தில் உங்கள் விரல் கப்பியில் மாட்டி நகம் பிய்ந்தது, திரை விழும் வரை நீங்கள் மூச்சு விடவில்லை. எத்தனை வகுப்பில் அந்த விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். பின்மேடைக் கதவுக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதியும் வைத்தீர்கள், ‘பின்மேடைக்கு வாய் கிடையாது’ என்று. உங்கள் இரங்கல் கூட்டத்தில் அந்தக் கதையை நான்தான் சொன்னேன். குரலை ஏற்றி இறக்கி, நன்றாகவே சொன்னேன். பாதிப்பேர் அழுதார்கள். கயல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் கேண்டீனில் ஒரு நாள் மீதிக் கதையை என்னிடம் சொன்னீர்களே. “தைரியமும் இல்ல, மண்ணும் இல்லடா. கத்துனா, பொம்பளப் புள்ளைய யாரு உள்ள விட்டதுன்னு மறுநாளே வெளிய அனுப்பிருப்பாங்க. பயத்துல வாய மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போயி விடிய விடிய அழுதேன்” என்றீர்கள். அதைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை அக்கா? பயத்தில் செய்ததை ஏன் பாடமாக்கினீர்கள்? சரி, நீங்கள்தான் சொல்லவில்லை. தெரிந்திருந்த நான் ஏன் வெட்டினேன்? முதல் பாதி கேட்க நன்றாக இருந்தது, அதனால் வெட்டினேன்.

கயலின் அப்பா நான்கு நாள் கழித்து மூட்டையை எடுக்க வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வீட்டில் கயல் கையை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஸ்பூனால் சோறு தின்றதைப் பார்த்துத்தான் அவள் அம்மா கையைப் பிடித்து விரித்துப் பார்த்திருக்கிறார். மூட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “காஞ்சா எளைக்கும்ல சார். நீங்களும் நம்ம பக்கந்தானே” என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது புது வருஷம். பாரதி நன்றாக இருக்கிறான், கூரையைப் பார்க்காமல் மேடை ஏறுவதில்லை. மணலுக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னால் எடை போட்டுப் பார்க்கிறோம். கயிற்றுக்கு எப்போதும் இரண்டு பேர். கதவுக்கு மேலே இருந்த உங்கள் வரியின் மேல் வெள்ளையடித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களே அடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன திங்கட்கிழமை முதல் வருஷத்துக்கு முதல் வகுப்பு. நகக் கதையை முழுசாகச் சொன்னேன், நீங்கள் அழுதது வரைக்கும். பிறகு ஆபத்தென்றால் ‘நிறுத்து’ என்று எப்படிக் கத்துவது, வாருங்கள், கத்திப் பாருங்கள் என்று ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டேன். பையன்கள் விளையாட்டாகக் கத்தினார்கள். பெண் பிள்ளைகளுக்குக் குரலே எழவில்லை. வீட்டில் சத்தமாகப் பேசினாலே குற்றம் என்று வளர்ந்த பிள்ளைகள், ஒரே நாளில் எப்படி எழும்? சரி, சீனியர் செய்து காட்டட்டும் என்று உதவிக்கு வந்திருந்த கயலைக் கூப்பிட்டேன்.

வந்து நடு மேடையில் நின்றாள். கையை மடக்கி மடக்கி விரித்தாள். இப்போதும் முழுதாக மடங்கவில்லை. அவள் கூடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அன்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த அதே பார்வை.

“நீங்க மொதல்ல கத்துங்க சார்” என்றாள்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னாலும் சிரிக்க முடியவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் காட்டிய அந்தச் சைகையைச் சொன்னேன். ‘பிடி’ என்று எப்படிக் கையை உயர்த்தினேனோ, அப்படியே உயர்த்திக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அதன் பிறகு கத்தினேன். என் குரல் உடைந்து, கேவலமாக, ஒரு நடிகனுக்கு ஆகாத குரலாக வந்தது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் வாசலில் நிற்கும்போதே கயல் கத்தினாள். அவளுக்கு அடுத்து, இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், கூப்பிடாமலேயே எழுந்து நின்று கத்தினாள்.

அக்கா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தப் பாடம் என் கையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையின் வலியையும் கதையாக்கிக் கைதட்டல் வாங்கமாட்டேன், உங்களுடையதையும் சேர்த்துத்தான். எந்த நாடகமானாலும், எவர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், நிறுத்து என்கிற முதல் குரல் என்னுடையதாக இருக்கும்.

கயலிடம் ‘பிடி’ என்று சொன்ன,
உங்கள் தம்பி
செந்தில்