வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 9

ஊர்க்கூடத்தில் கிளப் கூட்டம். பொழுதுபோக்காக வயல்களில் பழம்பொருள் தேடும் மெட்டல் டிடெக்டர்காரர்கள் பதினோரு பேர், ஆளுக்கொரு டப்பா. முக்கால்வாசி பழைய பித்தான்கள். பொதுமக்கள் நிலத்தில் கண்டெடுப்பதை வாங்கிப் பார்த்து, படம்பிடித்து, எடுத்த இடத்தோடு பதிவதுதான் இருபது வருடமாக என் உத்தியோகம். இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது.

கடைசியாக வில்ஃப் லார்ட்டர், சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெண்ணெய் டப்பாவைத் திறந்தார். கறுப்பு ஈரமண் ஒட்டிக்கொண்டு, காசு போல வட்டத் தகடு வைத்த ஓர் ஊசி. ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ போர்வையைத் தோளில் குத்திக்கொண்டது. செம்பு விளிம்பு, நீல எனாமல், நடுவில் வெள்ளைச் சிலுவை. ஒரு நிமிடம் களைப்பு மறந்துபோனது.

"கழுவலை, தேய்க்கலை. எல்லாம் உங்க திட்டுக்குப் பயந்துதான், ஆபீசரம்மா."

"எங்க கெடச்சுது?"

"மின்டம் பண்ணையில. மேட்டு வயல்." வரைபட எண்ணையும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 22

மேட்டு வயலிலிருந்து வில்ஃப் கொண்டுவந்த ஐந்தாவது ஊசி. இது பச்சை. பழைய சந்தை கூடிய இடமாக இருக்கலாம் என்று பதிவில் எழுதினேன். வில்ஃப் அதைப் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

பிப்ரவரி 14

மழை. இருமல்.

ஏப்ரல் 3

புறவழிச்சாலை மேட்டு வயலைக் கிழித்துக்கொண்டு போவதாக இருந்ததாம். என் ஐந்து பதிவுகளைப் பார்த்துவிட்டு, அங்கே புதைந்திருப்பது அழியக் கூடாதென்று சாலைக்காரர்கள் பாதையை மாற்றியிருக்கிறார்கள். இனி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்து வயல் வழியாகப் போகும். நான் எழுதியதையும் யாரோ படித்திருக்கிறார்கள்! கேக் வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11

வில்ஃப் அலுவலகத்துக்கே வந்தார். கையில் டப்பா இல்லை.

"ரோடு பள்ளத்து வயல்லயா போகுது?"

"ஆமா. உங்க ஊசிங்களாலதான் மேட்டு வயல் பொழச்சுது."

"அஞ்சையும் எடுத்தது பள்ளத்து வயல்ல, ஹிலரி."

முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இடம் வெளிய தெரிஞ்சா திருட்டுத்தனமா தோண்டுற பயலுங்க வந்துருவானுங்க. கிளப்புல எல்லாரும் பண்றதுதான், ஒரு வயல் தள்ளிச் சொல்றது. அதே பண்ணைதானே, என்ன பெரிய வித்தியாசம்னு..."

"வித்தியாசமா? அந்த இடத்தையே கொண்டுபோய் ரோட்டுக்கு அடியில போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!" கத்திவிட்டேன். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுபோனது.

அவர் போன பிறகுதான் உறைத்தது. மேட்டு வயல் வெள்ளைச் சுண்ணாம்பு மண். ஊசியில் ஒட்டியிருந்தது கறுப்பு. நான் பார்த்தேனே— பார்த்துவிட்டு ஏன் கேட்கவில்லை? வரிசை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14

ஐந்து பதிவுகளும் தவறு என்று சாலைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். மண்ணைக் கவனித்தும் கேட்காமல் விட்டதையும் எழுதினேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. போட்டேன்.

மே 2

நாலு நாள் முன்பு சாலைக்காரர் போனில் கேட்டார்: "அன்னிக்குச் சொன்னது பொய்னா, இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு எப்படிங்க நம்புறது?"

அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் கேட்பேன். இன்னொரு தடவை பாதையை மாற்ற முடியாதாம். சாலை போடுமுன் தோண்டிப் பார்க்க மூன்று வாரம் கொடுக்கிறார்கள். அதுவே பெரிய மனசு.

வில்ஃபிடம் சொன்னேன். "நானும் வரலாமா?" என்றார். வாங்க என்று சொல்ல இரண்டு நாள் பிடித்தது.

ஜூன் 16

முதல் நாளே மூன்று ஊசிகள். கறுப்பு மண், கண்ணைப் பறிக்கும் நீலம். சந்தோஷப்படத் தெம்பில்லை.

ஜூலை 4

கடைசி நாள். மொத்தம் பத்தொன்பது. திங்கட்கிழமை ரோலர் வருகிறது.

இயந்திரம் மண்ணைச் சீவச் சீவ, வில்ஃப் தன் கருவியோடு பின்னாலேயே நடந்தார். ஒன்று கிடைத்ததும் சிறிய கொடியை நட்டுவிட்டு, இட எண்ணைச் சத்தமாக இரண்டு தடவை சொல்வார். இந்த மூன்று வாரத்தில் அவர் சொன்ன எண் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நானே நடந்துபோய், அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நான் போய்ச் சேரும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.